யாயிர் காத்திருந்த நேரம்

(பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, 2021 ஜூன் 27 அன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை. வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 1:13-15; 2:23-24. 2 கொரிந்தியர் 8:7, 9, 13-15. மாற்கு 5:21-43)



ஏப்ரல் கடைசியில் நமக்கு அடைக்கப்பட்ட ஆலயக் கதவு இன்னும் திறக்கவில்லை. இந்த ஞாயிறும் நாம் வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் இருந்தபடிதான் இறைவார்த்தையைக் கேட்கிறோம். இன்றைய நற்செய்தியும் ஆலயத்துக்குள் நடந்ததல்ல. கடலோரத்தில் தொடங்கி, கூட்டம் நெருக்கும் தெரு வழியாக நகர்ந்து, ஒரு வீட்டின் உள்ளறையில் போய் முடிகிறது.

யாயிர் தொழுகைக்கூடத் தலைவர். ஊரில் பெரிய மனிதர். அவருடைய பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். பெரிய மனிதர் என்கிற எண்ணத்தையெல்லாம் விட்டுவிட்டு இயேசுவின் காலில் விழுகிறார். இயேசுவும் உடனே புறப்படுகிறார். ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வாடிய ஒரு பெண் அவருடைய ஆடையைத் தொட்டிருக்கிறாள். தொட்டவர் யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் இடிக்கிற கூட்டத்தில் இது என்ன கேள்வி என்று சீடர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவரோ சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்தப் பெண் நடுங்கியபடி முன்னால் வந்து நடந்ததை முழுவதும் சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டு வேதனை. இரண்டு வார்த்தையில் முடிந்திருக்காது.

அத்தனை நேரமும் யாயிர் பக்கத்தில் நிற்கிறார். அவர் என்ன சொன்னார் என்று மாற்கு ஒரு சொல்கூட எழுதவில்லை. மே மாதம் மருத்துவமனை வாசலில், ஆம்புலன்சுக்குள் அப்பாவையோ அம்மாவையோ வைத்துக்கொண்டு படுக்கைக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த மௌனம் என்ன என்று தெரியும். அடுத்தவர் பிழைக்கக்கூடாது என்று நாம் நினைக்கவில்லை. ஆனாலும் உள்ளே போகிற ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரையும் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே சிலருக்கு யாயிருக்கு வந்த அதே செய்தி வந்தது: இனித் தொந்தரவு செய்ய வேண்டாம், எல்லாம் முடிந்துவிட்டது என்று.

இப்போது நாம் வேறொரு வரிசையில் நிற்கிறோம். தடுப்பூசி வரிசை. சிலர் டோக்கன் கிடைக்காமல் திரும்புகிறோம். சிலர் அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறோம். இரண்டைப் பற்றியும் இன்று பேச வேண்டும். அதற்கு முன் எங்கள் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மார்ச் முதல் நாள் தொடங்கி அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள் அல்லவா? அந்த வாரம் திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். கோவில் வேலை என்றால் முதல் ஆளாக நிற்பவர். சர்க்கரை வியாதி உள்ளவர். "சாமி, ஊசி போட்டுக்கலாமா, வேண்டாமா? நீங்க சொன்னா போட்டுக்கிறேன்" என்று கேட்டார். நாங்கள் என்ன பதில் சொன்னோம்? "அது உங்க விருப்பம் ஐயா. டாக்டரைக் கேட்டுக்கோங்க" என்றோம். பார்த்தால் தப்பில்லாத பதில். ஆனால் டாக்டரை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவருக்கு வேண்டியது மருத்துவம் அல்ல. பயமாக இருக்கிறது, கூட நில்லுங்கள் என்று கேட்க வந்தார். எங்களுக்கும் உள்ளே பயம் இருந்தது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "சாமி சொல்லித்தான் போட்டார்" என்ற பழி நம்மேல் வருமே என்ற கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கைத்தான் பணிவான சொற்களில் சுற்றிக் கொடுத்தோம்.

அடுத்து ஏப்ரல் 17 வந்தது. நடிகர் விவேக் இறந்த நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சென்னை அரசு மருத்துவமனையில், மக்கள் பயம் தெளிய வேண்டும் என்பதற்காகவே பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். இதயத்துக்குப் போகும் முக்கிய இரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருந்தது, இதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் விளக்கினார்கள். இரண்டே நாளில் உருவாகிற அடைப்பு அல்ல அது. ஆனால் விளக்கம் நடந்து வந்தது. பயம் வாட்ஸ்அப்பில் பறந்து வந்தது. அவர் எதற்காகப் போட்டுக்கொண்டாரோ அதற்கு நேர்மாறாக அவருடைய மரணம் பேசப்பட்டது. பாவம், நல்ல மனிதர். அதன்பிறகு எங்கள் பெரியவர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை.

மே மாதம் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். திருப்பலி இல்லை, பாடல் இல்லை. கவச உடையில் நான்கு பேர். மனைவி மதிலுக்கு வெளியே நின்றார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பிவைத்தோம் என்பது மட்டும் உறுதி.

ஆகவே இன்று சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். அன்பானவர்களே, உங்கள் முறை வந்துவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிச் சொல்லிவிட்டு, ஒன்றுமே ஆகாது என்று சொன்னால் அது பொய். பங்கு இல்லத்தில் சமைக்கிற அண்ணனும் நாமும் ஏப்ரல் 22 அன்று ஒன்றாகப் போய்க் கோவிஷீல்டு போட்டுக்கொண்டோம். அண்ணனுக்குக் கை வலியோடு சரி. நமக்கு அன்று இரவு குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போதவில்லை. மறுநாள் முழுக்க உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒன்றுமில்லை. ஊசி போட்ட இடத்தில் வலி, காய்ச்சல், தலைவலி, உடல்வலி, அசதி: இவை பலருக்கும் வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். இது கொரோனா வந்துவிட்டதன் அடையாளம் அல்ல. கோவாக்சினில் இருப்பது செத்த கிருமி. கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சி குரங்குக்குச் சளி உண்டாக்கும் ஒரு கிருமி, நம் உடம்பில் பெருக முடியாதபடி மாற்றப்பட்டது. இரண்டாலும் கொரோனா வராது. எதிரியை அடையாளம் கண்டுகொள்ள உடம்பு பழகுகிறது. அந்தப் பழக்கத்தின் சூடுதான் காய்ச்சல். காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. அண்ணன் அப்படித்தான் ஒரு வாரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்: "தடைக்காலம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு சாமி. ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா யாரு சோறு போடுவா?" நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போகிற எல்லோருடைய கேள்வியும் இதுதான். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போகாதீர்கள். ஒருவர் படுத்தால் இன்னொருவர் எழுந்து நடமாட வேண்டும். மறுநாள் கடலுக்குப் போக வேண்டியிராத நாளாகப் பார்த்துப் போடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காய்ச்சலுக்குச் செவிலியர் தருகிற பாராசிட்டமால் மாத்திரையை அவர் சொன்ன அளவில் போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுங்கள். அந்த இரண்டு நாளுக்கு அரிசியும் காய்கறியும் தேவைப்படும் வீட்டை அன்பியத்தில் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுவைத்தால், ஊசி போடச் சொல்லும் உரிமை நமக்குக் கொஞ்சம் வரும்.

கடுமையான விளைவுகளையும் மறைக்கக் கூடாது. ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமையால் ஒரு முதியவர் மார்ச் மாதம் இறந்ததை மத்திய அரசின் நிபுணர் குழு உறுதி செய்திருப்பதாக இந்த மாதம்தான் செய்தி வந்தது. ஒரு மரணம்தானே என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் வீட்டுக்கு அது ஒரு மரணம் அல்ல, அப்பா. அப்படிப்பட்ட ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஊசி போட்டவுடனேயே தெரிந்துவிடும், அங்கேயே அதற்கு மருந்தும் உண்டு. அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். நம்மில் பலர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் நிமிடமே நழுவுகிறோம். முன்பு ஏதாவது மருந்துக்கோ ஊசிக்கோ உடம்பு வீங்கி மூச்சுத் திணறியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கோவிஷீல்டு போட்டவர்களில் மிக அரிதாக ஏற்படும் இரத்த உறைவு. பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றுக்கும் குறைவு என்று மே மாதம் நம் நாட்டுக் குழு கணக்குச் சொன்னது. பிரிட்டனில் இதைவிட அதிகம் பதிவாகியிருக்கிறது. ஊசி போட்ட இருபது நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத கடும் தலைவலி, கை கால் வீக்கம், தீராத வயிற்று வலி, பார்வை மங்கல், ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று எது வந்தாலும், ஊசிக் காய்ச்சல்தானே என்று படுத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த ஊசி, எந்த நாள் என்ற சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்றைய நற்செய்தியில் வரும் அந்தப் பெண்ணிடம் வருவோம். பல மருத்துவர்களிடம் போய்ப் பணத்தையும் கரைத்து, நோயும் முற்றிப்போனதாக மாற்கு எழுதுகிறார். லூக்கா அதே நிகழ்ச்சியை எழுதும்போது நோய் முற்றிய கதையை விட்டுவிடுகிறார். மரபுப்படி லூக்கா மருத்துவர். தம் தொழில்காரர்களைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறார் என்று குருமடத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். இந்தப் பெண்ணைக் காட்டி, மருத்துவம் வீண், விசுவாசம் இருந்தால் போதும் என்று பேசுகிறவர்கள் உண்டு. இயேசு மருத்துவர்களை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மண்ணிலிருந்து மருந்தைத் தந்தவர் கடவுளே என்கிறது. நோயில் முதலில் மன்றாடச் சொல்லிவிட்டு, பிறகு மருத்துவருக்கு இடம் விடச் சொல்கிறது. கோவில் உச்சியிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்று ஆண்டவரிடம் சொன்னது யார் என்பது நமக்குத் தெரியும். ஊசி வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிற பேச்சிலும் அந்தக் குரலின் சாயல் இருக்கிறது.

கருக்கலைப்பு செய்த சிசுவைக் கலந்து ஊசி தயாரிக்கிறார்கள், கத்தோலிக்கர் போடலாமா என்று சிலர் மனச்சாட்சியோடு கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேலி செய்யக் கூடாது. நம் விசுவாசத்திலிருந்து வருகிற கேள்விதான். உண்மை இது: ஊசி மருந்தில் சிசு கலக்கப்படுவதில்லை. கோவிஷீல்டு தயாரிப்பில் கிருமியை வளர்க்கப் பயன்படும் செல்கள், 1970களில் ஒரு சிசுவிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிக்கொண்டே வந்த வரிசையைச் சேர்ந்தவை. கோவாக்சினுக்குக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வரிசை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று இதற்குத் தெளிவான பதில் தந்தது. அறநெறியில் குறையற்ற வேறு ஊசி கிடைக்காதபோது இப்படிப்பட்ட ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தீமையோடு நமக்குள்ள தொடர்பு மிகத் தொலைவானது. போட்டுக்கொள்வதால் கருக்கலைப்பை நாம் ஆதரித்ததாக ஆகாது. குறையற்ற ஊசிகளைத் தயாரிக்கும்படி நிறுவனங்களையும் அரசுகளையும் பேராயம் கேட்டுக்கொண்டது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் மனச்சாட்சியின் பேரால் மறுக்கிறவர், தம்மால் பிறருக்கு நோய் பரவாதபடி எல்லா வழியிலும் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் ஜனவரியிலேயே போட்டுக்கொண்டார்.

நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் கையைப் பாருங்கள். அம்மை குத்திய தழும்பு இருக்கும். சின்ன வயதில் அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்திருக்கிறோம். அம்மாதான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார். அந்த நோய் 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். போலியோ சொட்டு மருந்துக்கும் எத்தனை வதந்தி கிளம்பியது! 2014இல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அன்று நம்மை இழுத்துக்கொண்டு போன அம்மாக்களுக்கு இன்று எண்பது வயது. இப்போது அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகிற முறை நம்முடையது.

சரி, போட நினைத்தாலும் கிடைப்பதில்லையே? "இருப்பு இல்லை" என்ற பலகையைப் பார்த்துவிட்டு எத்தனை முறை திரும்பியிருக்கிறோம்! முதல் ஊசி போட்டவர்களுக்கு வேறொரு எரிச்சல். கோவிஷீல்டுக்கு முதலில் நான்கு வாரம் என்றார்கள், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் என்றார்கள், மே மாதம் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் ஆக்கினார்கள். நமக்கும் ஜூன் என்று சொல்லி அனுப்பியது இப்போது ஜூலை நடுவில் போய் நிற்கிறது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் கூடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியது உண்மை. மருந்து போதாததால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று மக்கள் சந்தேகப்பட்டால் அவர்களையும் குறை சொல்ல மாட்டோம், முன்பே விளக்கியிருக்கலாம். எப்படியானாலும் இரண்டாம் ஊசியை விட்டுவிடாதீர்கள். கோவாக்சினுக்கு நான்கு வாரம் ஆனதும், கோவிஷீல்டுக்கு 84 நாள் ஆனதும், முதலில் போட்ட அதே ஊசியைப் போடுங்கள். கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போடலாம். பாலூட்டும் தாய்மாரும் போடலாம். இரண்டாம் ஊசிக்குப் பிறகும் முழுப் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகும் நோய் தொற்றலாம். ஆனால் ஆக்சிஜன் படுக்கை வரை போகிற ஆபத்து வெகுவாகக் குறைகிறது. முகக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

எருசலேமில் வறுமையில் வாடிய சபைக்காகப் புனித பவுல் கொரிந்து மக்களிடம் காணிக்கை கேட்கிறார். இல்லாதவர்களுக்குக் கொடுத்து நீங்கள் இல்லாமல் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சமநிலை வேண்டும் என்கிறார். பாலைநிலத்து மன்னாவை நினைவூட்டுகிறார். அதிகம் பொறுக்கியவருக்கு மிஞ்சவும் இல்லை, குறைவாகப் பொறுக்கியவருக்குப் போதாமல் போகவும் இல்லை. பணக்கார நாடுகள் தங்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஊசிகளைப் பதிவு செய்துவைத்ததை அறிவோம். தடுப்பூசியை எல்லா நாடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று திருத்தந்தை உயிர்ப்பு ஞாயிறன்று கேட்டார். அவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. தெரிந்தவர் மூலம் பின்வாசல் வழியாக டோக்கன் வாங்குகிறோமே, அதுவும் மன்னாவை மிச்சம் பிடித்து வைப்பதுதான். மிச்சம் பிடித்தது புழுத்துப்போனது என்பது விடுதலைப் பயண நூலில் இருக்கிறது.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பத்துப் பேர் சேரட்டும் என்று செவிலியர் உட்காரச் சொல்வது இதனால்தான். அவர்மேல் எரிந்து விழாதீர்கள். ஒற்றை ஆளாகப் போய்த் திரும்பி வருவதைவிட, அன்பியமாகச் சேர்ந்து பத்துப் பேராகப் போங்கள். பக்கத்து வீட்டு இந்து சகோதரரையும் இஸ்லாமியப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குப்பி வீணாகாது, பயந்தவருக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும்.

யாயிரின் வீட்டுக்குள் இயேசு போகிறார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். எல்லோரும் மலைத்து நிற்கிறார்கள். அப்போது அவர் சொல்கிற கடைசிச் சொல் என்ன? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். செத்தவளை எழுப்பியவருக்கு அவள் பசி தெரிகிறது. ஊசி போட்டு வந்து குளிர்காய்ச்சலில் கிடக்கிறவருக்கு நாம் வைத்துக் கொடுக்கிற கஞ்சியும் அந்த வீட்டு அறையில் நடந்ததோடு சேர்ந்ததுதான்.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. முப்பது பெயர் கொடுத்தால் மூன்று குப்பியோடு நம் பள்ளிக்கூடத்துக்கே வருவதாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். வருகிற வியாழன் காலை ஒன்பது மணி. ஆதார் அட்டையும் கைபேசியும் கொண்டுவர வேண்டும். நடக்க முடியாதவர்களை இளைஞர்கள் ஆட்டோவில் கூட்டிவருவார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார நாற்காலி போட்டிருப்போம்; அந்த நேரம் முழுக்க நாங்களும் கூடவே இருப்போம். பட்டியலில் முதல் பெயர், மே மாதம் மதிலுக்கு வெளியே நின்ற அந்த அம்மாவுடையது. தாமே வந்து எழுதிவிட்டுப் போனார். நேற்று இரவு வரை இருபத்தாறு பெயர். இன்னும் நான்கு வேண்டும்.